விடியலில் திறந்த வாத்துக் கூடு

அம்பிட்டியவில் மீன்குளத்தின் மேல் கூடு கட்டிப் பன்னிரண்டு வாத்துகள் வளர்க்கிறேன். தினமும் பத்து முட்டை கிடைக்கும். விடியற்காலையிலேயே அவற்றைக் குளத்தில் விடத் தொடங்கியதும் முட்டை நான்காகக் குறைந்தது. என் தோட்டத்தின் வழியாக பஸ்ஸுக்குப் போகும் அயலவர் முத்தையாவைச் சந்தேகித்து, கேட்டைப் பூட்டினேன்.

"ஏன் சார் பூட்டிட்டீங்க?"

"முட்டை குறையுது."

அவர் அன்றிலிருந்து என்னுடன் பேசவில்லை; சுற்றுவழியில் போனார்.

மீன் பிடிக்க நீரை வடித்தபோது சேற்றில் நாற்பத்தொரு முட்டைகள் கிடந்தன. வாத்துகள் காலையில்தான் முட்டையிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. முத்தையாவிடம் போய், முட்டைகள் மீன்குளத்துச் சேற்றில்தான் கிடந்தன என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப மீனையும் பூட்டி வைங்க சார்" என்றார்.

இப்போது ஒன்பது மணிக்குப் பிறகே கூட்டைத் திறக்கிறேன். கேட்டைப் பூட்டுவதே இல்லை. முத்தையா இன்னும் சுற்றுவழியில்தான் போகிறார்.