சிவப்புக் கட்டத்துக்கு ஒரு காரணம்

திண்டுக்கல்லில் நான் மருந்தாளுநராக இருந்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், டாக்டர்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்டது அதுதான். வார்டில் நர்ஸ் பிள்ளையின் எடையைப் போடுவார். டாக்டர் ஆன்டிபயாடிக் பெயரைத் தட்டுவார். எடையை வைத்து டோஸைக் கம்ப்யூட்டரே கணக்குப் போடும். கீழே பார்மசியில் நான் பார்த்து ஓகே கொடுத்தால்தான் மருந்து மேலே போகும். எங்காவது கணக்கு உதைத்தால் திரையில் சிவப்புக் கட்டம் வரும். காரணம் எழுதாமல் அது போகாது.

காரணம்தானே, எழுதினார்கள். "அவசரம்." "டாக்டருக்குத் தெரியும்." "மாதா சத்தியமா சரி." ஒருத்தர் வெறும் புள்ளி மட்டும் வைப்பார். எனக்கு ஜனங்க பேச்சு என்றால் உயிர். டீ குடிக்கும்போது இதையெல்லாம் வாசித்துச் சிரிப்பேன்.

ஒருநாள் காலை பக்கத்து ஊரான எரியோட்டுப் பையன் ஒருத்தன், ஒன்றரை வயசு, நெஞ்சுச் சளியோடு அட்மிஷன். அமிகாசின் ஊசி. அளவு கூடிப்போனால் கிட்னியையும் காதையும் பதம் பார்க்கிற மருந்து. சிவப்புக் கட்டம் சொன்னது: போன வாரம் ஓ.பி.யில் பத்து கிலோ, இன்று பதினாலு. காரணத்துக்கு ஸ்டெல்லா சிஸ்டர் தட்டியிருந்தார்: "அம்மா நல்லா ஊட்டுறாங்க."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. காய்ச்சல்காரப் பிள்ளை ஒரு வாரத்தில் நாலு கிலோ ஏறுமா? போனைப் போட்டேன்.

"சிஸ்டர், அம்புட்டு என்னத்த ஊட்டுச்சு அந்தம்மா?"

"அண்ணே, மெஷின் காட்டுனதப் போட்டேன். பய ஒத்தையில நிக்க மாட்டேன்னு வீறிட்டான். அம்மா தூக்கிட்டு நிக்கயில ஒருக்கா, அம்மா மட்டும் ஒருக்கா. கழிச்சுப் போட்டேன். எனக்குக் கழித்தல் தெரியாதா?"

மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு மாடி ஏறினேன். அந்தம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தது. தோளில் பெரிய ஒயர்கூடை.

"கூடையக் கீழ வைக்கலாமேம்மா."

"வைக்க மாட்டேண்ணே. போன தடவ வந்தப்ப வெளிய விட்ட செருப்பே போயிருச்சு."

"எடை பாக்கயிலயும் தோள்லதான் இருந்துச்சா?"

"பிள்ளைய வச்சிருக்கயில இருந்துச்சு. பெறகு என்னைய மட்டும் நிக்கச் சொன்னாக. பிள்ளையையும் கூடையையும் எங்க வீட்டுக்காரருகிட்ட குடுத்துட்டேன்."

ஸ்டெல்லா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கழித்தல் சரிதான். மிஞ்சியது பையனும் கூடையும் சேர்ந்து.

மறுபடி ஏற்றினோம். பையன் பத்துக்குக் கொஞ்சம் கீழே. கூடையைத் தனியாக வைத்தோம். நாலு கிலோவும் சொச்சமும். உள்ளே இட்லித் தூக்கு, வெஞ்சனம், பிளாஸ்க், கொய்யாப்பழம். எடை பார்த்த கையோடு அந்தம்மா கூடையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டது.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "அப்ப நான் போட்ட டோஸ் கொய்யாப்பழத்துக்கும் சேத்தா?"

"கூடைக்குச் சளியெல்லாம் இல்ல டாக்டர்," என்றார் பையனின் அப்பா. தமாஷுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு சொட்டுக்கூட இன்னும் ஏறலம்மா."

அதற்குப் பிறகுதான் கூடையைக் கீழே இறக்கியது.

நான் பார்மசிக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி சிவப்புக் கட்டம். அரைமணி நேரத்தில் பிள்ளை நாலு கிலோ இளைத்தது ஏன் என்று கேட்கிறது. ஸ்டெல்லா எழுதியிருந்தார்: "கூடை இறக்கப்பட்டது."

ஓகே போட்டேன். சரியான அளவில் ஊசி போனது, பையன் தேறி வீட்டுக்கும் போனான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சிரிப்பு வருகிற காரணத்தைப் பார்த்தால் முதலில் மாடி ஏறுங்கள். சிரிப்பை இறங்கும்போது வைத்துக்கொள்ளலாம்.