மச்சினன் வீட்டு மீட்டர் பெட்டி

இரண்டு கையும் முழுசாக இருக்கிற ஒரு மனிதருக்கு ஒத்தைக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். வயரிங் வேலை செய்பவர். மீட்டர் பெட்டியைத் திறந்தால் வலது கை மட்டும்தான் உள்ளே போகும். இடது கை பேண்ட்டின் பின்பைக்குள் மணிக்கட்டு வரை புதைந்து கிடக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: "ரெண்டு கையையும் உள்ள விட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும். ஒரு கைன்னா நெஞ்சு தப்பிக்கும்."

பதிலில் தப்பில்லை. தொழில் தெரிந்த பலரும் அப்படிச் செய்கிறவர்கள்தான். ஆனால் அவர்கள் ஸ்க்ரூ எடுக்கவும் ஏணியை நகர்த்தவும் கையை வெளியே எடுப்பார்கள். இவர் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொள்வார், ஏணியைத் தோளால் தள்ளுவார். கடையில் டீ குடிக்கும்போதும் அந்தக் கை பைக்குள்தான். டீயில் என்ன கரண்டா ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கை பைக்குள் போனதற்குக் காரணம் மின்சாரம் அல்ல, மனைவி.

அவர் பிறவியிலேயே இடக்கையர். வாலிபத்தில் அந்தக் கையால் அவர் அடிக்காத ஆள் வகை கிடையாது. வேலை கொடுத்த காண்ட்ராக்டரை அடித்திருக்கிறார், சில்லறை தராத கண்டக்டரை அடித்திருக்கிறார், சொந்தக் கல்யாணத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று மூன்றாம் முறை சொன்ன போட்டோக்காரரை அடித்திருக்கிறார். அடித்து முடித்ததும் அவரே ஓடிப்போய் தண்ணீர் வாங்கி வந்து அடிபட்டவருக்குக் கொடுப்பார். அதனால் அவருக்கு நல்ல மனுஷன் என்ற பெயரும் இருந்தது. அடி வாங்கியவர்களே அப்படிச் சொன்னார்கள், வாய் திறக்க முடிந்தவர்கள்.

மனைவியின் தம்பிக்கு அது முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் ஒரு வார்த்தை விட்டான்: "மாமாவோட கையில இருக்கிற வேகம் வேலையில இருந்திருந்தா எங்கக்கா இந்நேரம் மாடி வீட்ல இருந்திருக்கும்." தட்டு கவிழ்வதற்கு முன்பே இடது கை போய்ச் சேர்ந்துவிட்டது. தாடை எலும்பு உடைகிற சத்தம், ஈரமான குச்சியை முறிப்பது போல. இரண்டு பற்கள் சோற்றில் விழுந்தன. சுவரில் தெறித்த ரத்தத்தை அப்புறம் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. இவர் வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்க அங்கே வாய் இல்லை.

மனைவி அன்றே தம்பியோடு போய்விட்டாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, கம்பியைப் பிரித்து, அவன் மென்று சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இன்னொரு தடவ அந்தக் கை ஒரு மனுஷன் மேல பட்டா நான் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க." அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சாயங்காலம் டீ டம்ளரை நீட்டும்போது அவர் இடது கையை ஒரு நிமிஷம் பைக்குள்ளிருந்து எடுப்பார்; விரல் முட்டிகளை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள், தோல் உரிந்திருக்கிறதா என்று. அடித்த கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கையைப் பைக்குள் வைத்தார். திருப்புளி, கட்டிங் பிளேயர், கையெழுத்து எல்லாவற்றையும் வலது கைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். வலது கை நல்ல மாணவன் இல்லை. அவர் மாட்டிய பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தே இருக்கும். சாய்வைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

இப்படிப் பல வருஷம் போனபின் ஒருநாள் காலையில் மனைவி சொன்னாள்: "ஏங்க, தம்பி வீட்டு மீட்டர் பெட்டிய பக்கத்து வீட்டுக்காரன் ஒடச்சிட்டானாம். நீங்க போய் மாத்திக் குடுத்துட்டு வாங்க."

"வேற ஆளே கிடைக்கலியா அவனுக்கு?"

"கிடைச்சாங்க. நான்தான் வேணாம்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "சாயங்காலம் நானும் வந்து பாக்கறேன்" என்றாள். பெட்டியையா, தன்னையா என்று அவர் கேட்கவில்லை. பெட்டி முடியாமல் இருந்தாலும் வம்பு, வேறு ஏதாவது முடிந்திருந்தாலும் வம்பு என்பது மட்டும் புரிந்தது.

மச்சினன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அந்தச் சந்துச் சுவரில் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பழைய இரும்பு வியாபாரி. தினமும் அந்தப் பெட்டி அவர் தோளை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நகர்த்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்து, கத்திப் பார்த்து, கடைசியில் கடப்பாரையோடு வந்துவிட்டார். பெட்டியின் கதவு வயிற்றில் குத்து வாங்கியவன் மாதிரி நடுவில் மடங்கியிருந்தது. கீல் பிய்ந்திருந்தது. பிடுங்கின கண் மாதிரி மீட்டர் வயரில் தொங்கியது. மின்சார ஆபீஸ் ஆள் வந்து கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, "பெட்டிய மாத்தி வைங்க, அப்புறம் லைன் குடுக்கறோம்" என்று போயிருந்தார்.

"வாங்க மாமா" என்றான் மச்சினன். தாடை கோணலாகச் சேர்ந்திருந்ததால் பேச்செல்லாம் வாயின் ஓரத்திலிருந்தே வரும். வணக்கம் சொன்னால்கூட ரகசியம் சொல்வது போல இருக்கும். "பெட்டி வாங்கி வெச்சிருக்கேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பழையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

"எதுக்கு மாப்ள இவ்ளோ பெருசு? ஒரு மீட்டருக்கு?"

"இருக்கட்டும். தோள்ல இடிச்சதுக்கே கடப்பாரைய எடுத்தான்ல? இனி மூஞ்சில இடிக்கும்."

"முன்பக்கச் சுவர்ல மாட்டித் தர்றேன். வயர் கொஞ்சம்தான் கூட ஆகும்."

"இதே எடம். இதே ஆணி." பிறகு அவருடைய பின்பையைப் பார்த்து உதட்டின் ஓரத்தில் சிரித்தான். "லைன்தான் கட் ஆயிருக்கே மாமா. கை இன்னும் ஏன் உள்ள இருக்கு?"

"பழக்கம்."

"எங்கக்கா சொல்லி வந்த பழக்கமா?"

அவர் ஸ்க்ரூக்களை வாயில் போட்டுக்கொண்டார். வாயில் ஸ்க்ரூ இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பெட்டியைக் கழற்றி, புதியதைச் சுவரில் வைத்து, மேல் ஸ்க்ரூக்களை முறுக்கி முடித்தபோது இரும்பு வியாபாரி மோட்டார் சைக்கிளோடு சந்துக்குள் நுழைந்தார். பெட்டியைப் பார்த்தார். வண்டியைச் சுவரில் சாய்த்தார்.

"என்னடா இது, பீரோவா?"

"மீட்டர் பெட்டி. கண்ணு தெரியலியா?" என்றான் மச்சினன்.

"ஒடச்சது பத்தலியா உனக்கு?"

"இன்னொரு தடவ ஒடைங்க. உங்க கடைக்கு நல்ல சரக்கு கிடைக்கும். திருடி விக்கறதுக்கு இது மேல்."

வியாபாரியின் முஷ்டி மச்சினனின் மூக்கில் இறங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் குழாய் திறந்தது போலக் கொட்டிச் சட்டையை நனைத்தது. மச்சினன் கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் கருவிப் பை இருந்தது. அதிலிருந்த சுத்தியலை எடுத்து வியாபாரியின் முழங்காலில் ஒன்று வைத்தான். வியாபாரி நொண்டிக்கொண்டே தன் வீட்டுக்குள் போனார். ஓடிவிட்டார் என்று மச்சினன் சிரித்தான். அவர் கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

சந்தில் ஒதுங்க இடமில்லை. மச்சினன் சுவரோடு சுவராக, புதிய பெட்டிக்குக் கீழே, எழுந்திருக்கவும் முடியாமல் கிடந்தான். கடப்பாரை மேலே போனது. அது எங்கே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, கிடந்தவனுக்கும்.

பின்பைக்குள் இடது கை முஷ்டியாகிவிட்டது. அதற்கு ஒரு தாடை தெரிந்தது, தூரம் தெரிந்தது, எடை தெரிந்தது. ஒரே குத்து. வியாபாரி கடப்பாரையோடு மல்லாந்து விழுந்திருப்பார். உலகத்தில் எவரும் அதைத் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியோடுதான் அவர் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. அவர் இடது கையை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

கடப்பாரை முன்கையில் விழுந்தது. பழைய சத்தம்தான், ஈரமான குச்சி. இந்தத் தடவை அது அவருக்குள்ளிருந்தே கேட்டது. எலும்பு தோலுக்கடியில் கூராகப் புடைத்து நின்றது. வாயிலிருந்த ஸ்க்ரூக்கள் தரையில் உருண்டன.

வியாபாரி கடப்பாரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கோபம் எங்கோ போய்விட்டது. "நான் உங்கள அடிக்கலீங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு. பிறகு கடப்பாரையைக் கீழே போட்டு, வண்டியைக்கூட எடுக்காமல் நொண்டியபடி போனார்.

மச்சினன் எழுந்து மூக்கைத் துடைத்தான். உடைந்த கையைப் பார்த்தான். நன்றி சொல்ல வேண்டிய நேரம் என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "ரெண்டு ஸ்க்ரூதான் பாக்கி மாமா. முடிச்சிட்டா தேவல. ஃபிரிட்ஜ்ல பால் கெட்டுப்போகுது" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியோடு சேர்த்து அவனையும் சுவரில் அடித்திருப்பார்கள். ஆனால் மனைவி வரப்போகிறாள், பெட்டி முடிந்திருக்க வேண்டும். அவர் பைக்குள்ளிருந்த கையை எடுத்து, அதாலேயே வலது கையைச் சட்டைக்குள் செருகிப் பொத்தானைப் போட்டார். வெளியே வந்த இடது கை வெளிச்சம் படாமல் வெளுத்திருந்தது. திருப்புளி அதற்குள் போய் உட்கார்ந்ததும், வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தவன் விளக்கு ஸ்விட்சைத் தடவாமலே கண்டுபிடிப்பது போல, அது தன் வேலையைத் தானே செய்தது. மேலே சாய்ந்திருந்த ஸ்க்ரூக்களையும் தளர்த்தி நேராக்கிவிட்டு, கீழே இரண்டையும் முறுக்கியது. வலியில் அவருக்கு வாந்தி வந்தது. சந்து ஓரமாக எடுத்துவிட்டு மறுபடி வந்து முறுக்கினார். கை பைக்குள் போன பிறகு அவர் மாட்டியதில் அந்தப் பெட்டி ஒன்றுதான் நேராக நின்றது.

அப்போது மனைவி சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள்.

தம்பியின் சட்டையெல்லாம் ரத்தம். தரையில் சுத்தியல், கடப்பாரை. கணவரின் இடது கை வெளியே.

"அடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லலாம்தான். அடித்த நாட்களிலும் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதனால் சொல்லாமல் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டு பெட்டியையே பார்த்தான். பேசுவதற்கு அவனுக்கு வாய் இருந்தது, அதில் வார்த்தையும் இருந்தது. கோணல் தாடையோடு மென்ற ஒவ்வொரு வேளைச் சோற்றையும் அந்த மௌனத்தில் அவன் நிதானமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் கிட்டே வந்தாள். அந்தக் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக் கீழே வைத்தாள். டீ டம்ளரை நீட்டும்போது பார்ப்பதுபோல் அல்லாமல், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஒவ்வொரு விரல் முட்டியாகப் பார்த்தாள். தோல் உரியவில்லை. சிவக்கவில்லை. சுண்ணாம்புத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. பிறகுதான் சட்டைக்குள் செருகியிருந்த வலது கையைக் கவனித்தாள். பொத்தானை அவிழ்த்தாள். அவர் முனகினார்.

"யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றார் அவர். "இவன் தலைக்கு வந்துச்சு."

அவள் தம்பியிடம் திரும்பினாள். "நான் கேட்டப்ப நீ ஏண்டா பேசல?"

மச்சினன் வாயின் ஓரத்தைத் திறந்தான். பதில் வருவதற்குள் அவள் கை போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கும் அப்படியொரு கை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அவன் தலை புதிய பெட்டியின் மூலையில் மோதியது. புருவத்தில் புதிதாக ரத்தம் வந்தது. தாடை மட்டும் இந்த அடிக்கும் நேராகவில்லை.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தெருமுனையில் ஆட்டோவில் ஏறியதும் அவருடைய இடது கை தன்னிச்சையாகப் பின்பையைத் தேடிப் போனது. அவள் அதைப் பாதி வழியில் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெளியவே இருக்கட்டும்" என்றாள். "டீ டம்ளர எதுல பிடிப்பீங்க இப்ப?"