சிரிப்புப் படமும் ஒரு மனிதரின் காதும்

எண்பதுகளில் வந்த காலேஜ் சிரிப்புப் படங்களை இன்றைக்குப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பது வயதைத் தாண்டிய கதாநாயகன் கையில் ஒற்றை நோட்டோடு காலேஜுக்குப் போவான். கூடவே நாலு தடியன்கள். வாத்தியார் நாற்காலியில் பசை தடவுவார்கள், ரோட்டில் போகிற பெண்ணின் சைக்கிளைச் சாய்ப்பார்கள். அவள் விழும்போது டொய்ங் என்று ஒரு சத்தம். கோபத்தில் அவள் கையை ஓங்கினால் அவன் ஓர் அறை விடுவான். அடுத்த காட்சியில் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவனைக் காதலிக்க ஆரம்பித்திருப்பாள். போடித் தியேட்டரில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதற்கெல்லாம் நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவியில் அப்படி ஒரு படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏலக்காய் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்தால் பழைய படம் போட்டாக வேண்டும் அவருக்கு. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா, உக்காரு. இந்த சீனைப் பாரு, செத்துருவ."

நான் படம் பார்க்கப் போகவில்லை. ஒரு மனிதருக்காக ஒரு சொல் கேட்டு வாங்கப் போயிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் சம்பந்தி வீட்டுத் தோட்டத்துக்குப் போக, குரங்கணியில் ஜீப் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்து முக்கில் நிறுத்தச் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. பின்னால் இருந்த பெண், "அந்தக் காது அவுகளுக்குக் கேக்காதுங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றாள். கத்திச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்வை தாடையில் நின்றது. "தையல் போட்ட தழும்பு இன்னும் தெரியுதே" என்றார். யார் என்று தெரிந்துவிட்டது.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஜீப்பை அணைத்துவிட்டுப் பேசினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளுக்குப் போடியில் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கடைவீதியில் விசாரித்திருக்கிறார்கள். "அவனா? பஸ் ஸ்டாண்டுல ஒரு புள்ளையோட தாவணியைப் பிடிச்சு இழுத்து அடி வாங்குனவனாச்சே" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"உங்க அண்ணன் பெரிய மனுசர். அன்னைக்கு அடிச்சதுல ஆள் மாறிப்போச்சுன்னு அவரு வாயால ஒரு சொல் சொன்னாப் போதும். வேற எதுவும் வேணாம்."

"நானே வந்து சொல்றேனே" என்றேன்.

"நீங்க சொன்னா, அந்தம்மாவுக்கும் இவனுக்கும் அப்பயே என்னமோ இருந்திருக்குன்னுதான் பேசுவாங்க" என்றார். ஊரை அவர் என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தேன். படத்தில் பஸ் காட்சி வந்தது. முன் சீட்டில் கதாநாயகி, பின் சீட்டில் கதாநாயகனும் தடியன்களும். அவளுடைய தாவணி நுனியை சீட்டுக் கம்பியில் முடிந்து வைக்கிறார்கள். அவள் எழுந்து நடக்கிறாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டேன். அண்ணனுக்கு அது உறைக்கவே இல்லை.

அந்தப் படம் போடிக்கு வந்த வருஷம் நான் தேனிப் பக்கம் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பஸ் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் நான். படம் ஓடிய நாட்களில் பஸ்ஸில் எந்தப் பெண்ணுக்கும் நிம்மதி இல்லை. பின்னலில் காகித வாலைக் கட்டுவார்கள், செருப்பை ஜன்னல் வழியாக வீசுவார்கள், டொய்ங் என்று வாயாலேயே சத்தம் போடுவார்கள். அன்றைக்கு எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது தாய்மாமன் மகன். எனக்கு முறைமாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் முறைக்காரன் செய்கிற கேலிக்குக் கேள்விமுறை கிடையாது. திருவிழாவில் மஞ்சத்தண்ணியைத் தலையோடு ஊற்றலாம், ஜடையைப் பிடித்து இழுக்கலாம், நாலு பேர் முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். முறைக்காரனைப் பார்த்து முறைத்தால் திட்டு நமக்குத்தான் விழும்.

போடி பஸ் ஸ்டாண்டில் பஸ் முழுசாக நிற்பதற்கு முன்பே நான் படியில் கால் வைத்தேன். யாரோ கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தது போல இருந்தது. தோளில் குத்தியிருந்த ஊக்கு சதையைக் கிழித்தது. முகம் குப்புற விழுந்தேன். தாடை படியின் இரும்பு விளிம்பில் மோதியது. பஸ் நகர்ந்துகொண்டே இருந்தது. சீட்டுக் கம்பியில் முடிந்திருந்த தாவணி என்னை இழுத்துக்கொண்டு போனது. முழங்கை, முழங்கால், வயிறு எல்லாம் தார் ரோட்டில் தேய்ந்தன. உள்ளே சிரிப்புச் சத்தம். ஒருவர் மட்டும் ஓடி வந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். மலையில் இருந்து இறங்கி வந்து ஆண்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்த பையன். அவிழ்த்த தாவணியைக் கையில் பிடித்தபடி என்னைத் தூக்கக் கீழே குதித்தார்.

அண்ணன் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தார். ஓடி வந்தவர் கையில் மூட்டை தூக்குகிற கொக்கி இருந்தது. அந்தக் கொக்கியின் மரப்பிடியால் பையனின் காதோரம் ஓங்கி ஓர் அடி. தேங்காய் உடைக்கிற சத்தம். பையன் மண்டி போட்டுச் சரிந்தார். மறுபடியும் அதே இடத்தில் அடி. "எவன்டா நீ, எங்க வீட்டுப் புள்ள மேல கை வைக்க!" முடியைப் பிடித்துத் தூக்கி மூத்திரச் சந்துச் சுவரில் மூக்கைத் தேய்த்தார். கிட்டங்கி ஆட்கள் நாலு பேர் சேர்ந்து விலாவில் மிதித்தார்கள். பையன் வாந்தி எடுத்தார், அதன் மேலேயே புரட்டி மிதித்தார்கள். காதில் இருந்து ரத்தம் ஒழுகிச் சட்டைக் காலரை நனைத்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒருவன் ஒவ்வோர் அடிக்கும் டொய்ங், டொய்ங் என்றான். ஊரே சிரித்தது. "அவரில்லண்ணே, அவரில்ல!" என்று வாயில் ரத்தத்தோடு கத்தினேன். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டேன். உதறிவிட்டு மறுபடியும் மிதித்தார்.

சாயங்காலம் தாடையில் தையலோடு உட்கார்ந்து, முடிச்சுப் போட்டது முறைமாப்பிள்ளை என்று வீட்டில் சொன்னேன். மாமன் வீட்டாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "கட்டிக்கிறவன் பண்ணாம வேற யாரு பண்ணுவா?" என்றார் அப்பா. காலேஜ் அன்றோடு முடிந்தது. முறைமாப்பிள்ளைக்கே என்னைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அரிவாள்மனையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்த பிறகுதான் விட்டார்கள். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அவனும் வேறு பெண்ணைக் கட்டி, பேரன் பேத்தி பார்த்து, சில வருஷங்களுக்கு முன்னால் செத்துப்போனான்.

அத்தனை பேர் சிரித்த அந்தச் சாயங்காலம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குனிந்த தலைக்காகத்தான் நான் அவரோடு உறவை முறிக்கவில்லை. ஆத்திரத்தில் ஆள் தெரியாமல் அடித்துவிட்டார், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நம்பினேன். என் பிள்ளைகளுக்குக் காது குத்த அவர் மடியில்தான் உட்கார வைத்தேன்.

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜீப் டிரைவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். "ஒரு சொல்தாண்ணே. ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னாப் போதும். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நடந்துரும்."

அண்ணன் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆள் எங்க மாறுச்சு?" என்றார்.

"என்னண்ணே சொல்றீக?"

"மாப்ளே பஸ்ஸ விட்டு எறங்குனதும் எங்கிட்டதான் மொதல்ல ஓடியாந்தான். 'நான்தான் சும்மா வெளாட்டுக்கு முடிஞ்சு வச்சேன் மச்சான், இப்பிடி ஆகும்னு தெரியல'ன்னான். தெரிஞ்சுதான் ஆத்தா அடிச்சேன்."

"தெரிஞ்சா?"

"பஸ் ஸ்டாண்டே பாத்துக்கிட்டு நிக்கிது. தங்கச்சி ரத்தத்தோட கெடக்குறா. யாரையாச்சும் அடிக்கணும்ல? மாப்ளைய அடிக்க முடியுமா? நாளைக்கு உன்னையக் கட்டப்போறவன். அந்தப் பய கையில தாவணி இருந்துச்சு." அலுத்துக்கொள்கிற மாதிரி கையை விரித்தார். "இப்பப் போயி வேற ஆளுன்னு சொன்னா, செத்துப்போன மாப்ளே பேரு கெடும். விடு, அந்தச் சோலி நமக்கெதுக்கு?"

ரிமோட்டை எடுத்துப் படத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

எழுந்து போய் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மூத்தவர், தலை நரைத்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. கை எரிந்தது. இன்னொன்றும் அறைந்தேன். அடுப்படியில் இருந்து மதினியின் குரல் கேட்டது: "சிரிப்பு சீனு வந்துருச்சாங்க? கொஞ்சம் நிப்பாட்டி வைங்க, டீயக் கொண்டாறேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்குக் காலைல நான் போறேன்" என்றேன். "என்னையப் பத்தி என்ன வேணும்னாலும் பேசிக்கிறட்டும். ஆள் மாறிப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். எங்கண்ணன் தெரிஞ்சேதான் அடிச்சான்னு சொல்வேன்."