கோபுரம் ஏறிய எருமைத்தோல்

வேலூர் மாதா பேராலயத் திடலில் ஞானமுத்துவின் பெல்ட் கடையைத் தெரியாதவன் வேலூர்க்காரனே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, அப்பன் பெயரும் அண்ணன் பணமும் இல்லாமல் சொந்தக் கடை போட்டவர். அவர் தைத்த மிஷின் பெல்ட் அறுந்தது என்று ஒருத்தன் சொல்லட்டும், பார்க்கலாம்.

அப்படிப்பட்டவர் வாயடைத்து நிற்பது ஒன்றின் முன்னால்தான்: கோயில் மணி. தோல் ஷாப் நாட்களில், ஞாயிறு ஊர் வந்தாலும், உடம்பு வாடைக்குக் கூசி, பூசைக்கு உள்ளே போகாமல் திடலிலேயே நிற்பார். சாமியார் சொல்வது காதில் விழாது. மணிச்சத்தம் மட்டும் வந்து நெஞ்சில் இடிக்கும். அவருக்குப் பூசை என்றால் அதுதான்.

1978-இல் திருவிழா நெருங்கும்போது மணிக்குள் தொங்கி அடிக்கும் இரும்பு நாக்கைத் தாங்கிய தோல்வார் அறுந்துவிட்டது. மெட்ராஸுக்கு ஆள் அனுப்பலாமா என்று பங்குச் சாமியார் யோசித்தார். ஞானமுத்து விடுவாரா?

“நான் இருக்கச்சே மெட்ராஸ் எதுக்கு சாமி? கொடியேத்தத்தன்னிக்கு மணி கேக்கலன்னா கடைய மூடிட்டுப் போய்ட்றேன்.”

திடல் முழுக்கக் கேட்டது.

மாதாவுக்கு மட்டமான சரக்கையா கொடுப்பது? சீமைக்கு ஷூ தைக்கப் போகும் குரோம் தோலை, வெண்ணெய் மாதிரி இருப்பதை, வெட்டி எடுத்தார். செருப்பைக் கீழே விட்டுக் கோபுரம் ஏறினார். மணியைக் கிட்டத்தில் பார்த்தார். உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரலாம். தொட்டார். யாரும் அடிக்காமலே அதற்குள் ஏதோ உயிர் ஓடுவது போலிருந்தது.

கட்டிய அன்று நன்றாகத்தான் அடித்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கயிற்றை இழுத்தால், ‘டொக்’. பாரம் தாங்காமல் மெத்தென்ற தோல் நீண்டு, நாக்கு மணி விளிம்புக்குக் கீழே தொங்கிவிட்டது.

எதிர்க்கடைத் தோல் வியாபாரி வாஹித் பாஷா சும்மா இருப்பாரா?

“இன்னா முத்து, கோயில் மணிக்கு ஷூ தைச்சிட்டியா? கடைக்கு எப்போ பூட்டு?”

முத்துவின் கடை வாசலில் கூடியவர்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், பாஷாவின் பார்வை உள்சுவருக்குப் போனது. அங்கே ஓர் எருமைத்தோல் வார் தொங்கியது. மாசக்கணக்கில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, கட்டை போல விறைத்தது. ஞானமுத்து தன் கையால் முதன்முதலாகப் பதம் போட்டது. அதைக் காட்டித்தான் வருகிறவர்களிடமெல்லாம் தன் கதையைச் சொல்வார். யார் கேட்டும் விற்றதில்லை.

“அது இழுத்தாலும் நீளாது, தோஸ்த்,” என்றார் பாஷா மெதுவாக.

ஞானமுத்துவுக்கும் தெரியும். எழுந்துபோய் அதைச் சுவரிலிருந்து இறக்கினார். பிறகு கத்தியை எடுத்தார். அறுத்து, துளை போட்டு, மறுபடி ஏறிக் கட்டினார்.

மறுநாள் கொடி ஏறும்போது அவர் கோயிலுக்குள் போகவில்லை. திடலில், தன் பழைய இடத்தில் நின்றார். முதல் அடி விழுந்தது. புறாக்கள் சிதறின. ஒரு ரிக்‌ஷாக்காரர் தலைத்துண்டை எடுத்தார். சத்தம் கோட்டைப் பக்கம் உருண்டு போனது. குழி நாற்றத்தில் அவர் கையில் புரண்ட தோல், அத்தனை ஜனத்துக்கும் மேலே நின்று மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இன்னா முத்து, ஒண்ணுமே பேசமாட்டேங்கறே?” என்றார் பக்கத்தில் வந்து நின்ற பாஷா.

ஞானமுத்து அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

“இரு. அடுத்த அடி விழப்போவுது.”