வெட்டிய அரளிக்கு ஒரு செம்பு தண்ணீர்

வெட்டிப் போட்ட செடியின் அடியில் என் மாமனார் ஏன் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்? இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை. அவர் இருந்தபோது நான் கேட்கவும் இல்லை. கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அது கேள்வி இல்லை, சத்தம் போட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு மண் துண்டு. அதன் மூலையில் ஒரு செவ்வரளி நின்றது. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து அடிக்கும் காற்றில் தரை வரைக்கும் வளையும், காற்று நின்றதும் நிமிர்ந்துகொள்ளும். பங்குனி வெயிலில் மற்ற எல்லாம் தொங்கிப்போய் நிற்க, அது மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். மாமா காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். காலையில் குளித்துவிட்டு, செம்பில் தண்ணீரோடு அந்த மூலைக்குப் போவார். வேரில் ஊற்றிவிட்டு இரண்டு பூப் பறிப்பார். ஒன்று முருகன் படத்துக்கு. இன்னொன்று, எனக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே காலமாகிவிட்ட என் மாமியாரின் படத்துக்கு. கடைப் பூ வாங்கி வந்தால் மறுக்க மாட்டார். முருகனுக்கு மட்டும் போட்டுவிடுவார்.

என் மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது எதைக் கண்டாலும் வாயில் வைப்பாள். ஒரு மதியம் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள், மூடிய கைக்குள் ஒரு அரளி இலை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. இலையில் பல் பட்ட தடமும் இல்லை. ஆனாலும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்த்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அரளியில் இலை, பூ, விதை எல்லாமே விஷம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் தாவரவியல் படித்தவள். தெரிந்திருந்தும் பத்து மாதம் சும்மா இருந்தேனே என்பதுதான் என்னை உலுக்கியது.

அன்று மாலை மாமாவிடம் சொன்னேன். பேப்பரை நாலாக மடித்து வைத்தார். “வெட்டிருவோம் யம்மா. பிள்ளைய விடவா செடி?” என்றார். அவ்வளவுதான். மறுநாள் தேங்காய் பறிக்க வந்தவர் அரிவாளால் நாலு போடு போட்டார். அரளி மதில்மேல் சாய்ந்தது. மாமா உள்ளே நாற்காலியில் இருந்தார். நான் போய், “மாமா, வருஷம் பூரா பூக்குற மாதிரி நான் வேற வச்சுத் தாரேன். ஒரு மாசங்கூட விடாது” என்றேன். சிரித்தார். “படிச்ச பிள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்தச் சொல்லை நம்பி நான் செய்த காரியங்களைத்தான் இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு ஒரு தாளைப் பிரிட்ஜில் ஒட்டினேன். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஆடியில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, குற்றாலம் சாலையோரம் செடி விற்கிற இடத்துக்குப் போனேன். எல்லாம் பூத்துத் தள்ளிக்கொண்டு நின்றன. செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, கனகாம்பரம், மயில்கொன்றை என்று பூத்திருப்பவற்றை எல்லாம் எடுத்து வைத்தேன். செடிக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “எக்கா, சீசன்ல வாற எல்லாரும் பூவப் பாத்துத்தான் வாங்குதாங்க. இப்ப குச்சிய ஊனுனாக்கூடப் பூக்கும். பங்குனில ஒரு நா வாங்க. அன்னைக்கு எது பூத்து நிக்குதோ அதுதான் ஒங்க வீட்டுக்கு.” வியாபாரத்துக்கு ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். தனக்கு நட்டமாகிற மாதிரி ஒரு வியாபாரி ஏன் பேசப்போகிறார் என்று அப்போது தோன்றவில்லை.

ஐப்பசி வரை ஒரு குறையும் இல்லை. மாமா புதிதாக ஒவ்வொன்றாகப் பறித்து வருவார். “இன்னைக்கு ஒங்க அத்தைக்கு இட்லிப்பூ” என்பார், ஏதோ பலகாரம் செய்துவைத்த மாதிரி. தெரு வழியே போகிறவர்கள், “என்ன ஏட்டையா, சினிமா தோட்டம் மாதிரில்லா இருக்கு!” என்று கேட்டால், “எல்லாம் மருமக ஏற்பாடு” என்று மதிலுக்கு மேலே பெருமையாகச் சொல்வார். அதன்பிறகுதான் நான் என் புத்தியைக் காட்டத் தொடங்கினேன். நந்தியாவட்டையிலும் பால் வடிகிறதே என்று ஒரு நாள் தோன்றியது. அதைப் பிடுங்கி, சின்னப் பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மயில்கொன்றையின் விதையைப் பற்றி எங்கோ படித்தேன், அதுவும் போயிற்று. மிச்சமிருந்தவற்றைக் கவாத்து செய்தால் நன்றாகத் தழைக்கும் என்று தை மாதத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினேன். எல்லாவற்றையும்! ஒன்றை இப்போது, ஒன்றைப் பிறகு என்று செய்திருக்கலாம். ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. மாசியில் மொட்டைக் குச்சிகள்தான் நின்றன. தளிர்விட்ட செம்பருத்தியை மாவுப்பூச்சி பிடித்துக்கொண்டது. மாசி, பங்குனி என்று பிரிட்ஜில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சித்திரையும் அப்படித்தான் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

அந்த நாட்களிலும் மாமா காலையில் செம்போடு இறங்குவார். குச்சிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, துளசியில் இரண்டு இலை கிள்ளி வந்து அத்தையின் படத்தில் செருகுவார். நான் கதவருகே நின்று, “அடுத்த வாரம் பூத்துரும் மாமா” என்பேன். “பூ இல்லன்னா என்ன, எல இருக்குல்லா” என்பார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

செம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொண்டுபோய் அந்த மூலையில் ஊற்றுவார். அங்கே அரளியின் அடிக்கட்டை மண்ணுக்குள் இருந்தது. வெட்டிய பிறகு இரண்டு முறை துளிர்த்தது. இரண்டு முறையும் கிள்ளி எறிந்தேன். பிறகு மறுபடி தலைதூக்கக் கூடாது என்று கல்லுப்பைக் கொட்டி, மேலே துவைகல்லின் உடைந்த துண்டு ஒன்றை வைத்திருந்தேன். பங்குனியில் குழாய்த் தண்ணீர் சரியாக வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. இராணுவத்தில் இருக்கும் என் கணவருக்கு அன்று போன் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்து, “மாமா, அங்கன என்ன இருக்கு? ஒண்ணுமில்லாத எடத்துல ஏன் தண்ணிய ஊத்துதீங்க?” என்று கத்திவிட்டேன். அவர் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே, “தரை கொதிக்கி யம்மா. கொஞ்சம் ஆறட்டும்னு ஊத்துனேன்” என்றார். மறுநாளும் ஊற்றினார். ஆனால் நான் அடுக்களையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, பேப்பரைப் பிரித்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சுரண்டையில் இருக்கும் மாமாவின் மகள், என் மதினி, பின்வாசலில் கை கழுவ வந்தார். மூலையைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, அம்மாவோட அரளி எங்க?” என்றார். வெட்டியாயிற்று என்றேன். “அப்பா ஒண்ணும் சொல்லலியா?” சொல்லவில்லை என்றேன். பிறகு மதினிதான் சொன்னார். மாமாவுக்கு எங்கே மாறுதல் வந்தாலும், என் மாமியார் முதலில் இந்த அரளியில் ஒரு கம்பு ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வைப்பாராம். பாத்திரம் பண்டம் எல்லாம் அதற்குப் பிறகுதானாம். வாசுதேவநல்லூர் குடியிருப்பில் ஊன்றியது, அங்கிருந்து கடையநல்லூர், பிறகு இன்னும் இரண்டு ஊர், கடைசியில் இந்த வீடு. “அஞ்சு வீட்டுல வளந்த செடிட்டி அது. பாட்டனி படிச்சவளுக்கு ஒரு கம்பு ஒடிச்சு வைக்கணும்னு தோணலியோ?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், “சரி விடு, ஒனக்கு எப்படித் தெரியும்” என்று தோளைத் தட்டினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா? ஒரே ஒரு வார்த்தை. மதினி வீட்டில் ஒரு கம்பை ஊன்றியிருக்கலாமே. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமில்லை என்பதும் தெரிகிறது.

அந்த ஆனியில் முதல் சாரல் விழுந்தபோது கல்லின் ஓரமாக இரண்டு தளிர்கள் எட்டிப்பார்த்தன. உப்பு எல்லாம் கரைந்து போயிருந்தது. மாதக்கணக்கில் செம்பு செம்பாக அவர் கரைத்திருக்கிறார். செடி திரும்ப வரட்டும் என்று என்னை மீறி ஊற்றினாரா? அல்லது நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாக அங்கே போயிற்றா? முதலாவது என்றால், என் பிள்ளையைவிடச் செடி பெரிதாகிவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவது என்றால், அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். இரண்டில் எதையும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இப்போது அரளி என் இடுப்பளவு நிற்கிறது. சுற்றிக் கம்பி வலை கட்டியிருக்கிறேன். மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. தொடக் கூடாது என்றால் தொட மாட்டாள். சுவரில் இப்போது இரண்டு படங்கள். “தாத்தாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ஒண்ணு” என்று துளசி கிள்ளி வருகிறாள். இந்தப் பங்குனியிலும் எங்கள் மண் துண்டில் வேறு எதுவும் பூக்கவில்லை. அரளியில் மட்டும் மொட்டு வந்திருக்கிறது. அவளுக்குப் பின் பிறந்த மகனுக்கு இப்போது ஏழு மாதம். நேற்று பாயை விட்டுத் தவழ்ந்து பின்வாசல் நிலை வரைக்கும் வந்துவிட்டான். வலைக்கு வெளியே காற்றில் விழுகிற இலையை நான் என்ன செய்வது?

படிக்கிறவர்களில் செடி வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். மேற்கு வெயிலும் ஆடிக்காற்றும் தாங்கி, மாசி முதல் வைகாசி வரை பூத்து, பிள்ளை வாயில் வைத்தாலும் கேடு செய்யாத செடி எது? அப்படி ஒன்று இருந்தால், இந்த அரளியை மதினி வீட்டுக்குக் கம்பாக அனுப்பிவிட்டு இங்கே மறுபடி வெட்டிவிடலாமா, இல்லை, வலையை உயர்த்திக் கட்டி வைத்துக்கொள்ளலாமா? இன்று காலையிலும் நான்தான் அதற்கு ஒரு செம்பு ஊற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மகன் இன்னும் ஒரு மாதத்தில் படி இறங்கிவிடுவான். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.