இடம் கிடக்குதெல்லோ

வளைகுடா நாட்டு ஈசா டவுனில் இருபது வருடமாகக் குடியிருக்கும் ஏரம்புவுக்குக் காலியிடத்தைக் கண்டாலே ஆகாது. யாழ்ப்பாணம் போகும்போது பெட்டி பிளேனில் விடும் முப்பது கிலோவுக்கு நூறு கிராம் குறைந்தாலும் மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது. அவர்தான் இப்போது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தார்.

பாலைவனத்தில் ஒரேயொரு நாள் தங்கத்தான் பயணம். அதற்கு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன்கள், இருபது தேங்காய், அவற்றைத் துருவத் திருவலை எல்லாம் ஏறின.

"உது என்னத்துக்கப்பா?" என்று மனைவி சிவமலர் கேட்கும்போதெல்லாம், "இடம் கிடக்குதெல்லோ" என்பார்.

கதவு பின்பக்கம் இருந்ததால் சுமையெல்லாம் பின்னாலேயே குவிந்தது. நெடுஞ்சாலையில் ஏறியதும் கேரவன் வாலாட்டத் தொடங்கிக் காரையே இடமும் வலமும் இழுத்தது. பதறிப்போய் ஓரமாக நிறுத்தினார்கள்.

உதவிக்கு இறங்கிவந்த தமிழ்நாட்டு லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாரத்தைப் பின்னாடி ஏத்தினா ஆடத்தானேண்ணே செய்யும்? எல்லாத்தையும் முன்னாடி தள்ளுங்க!"

மூட்டைகளை முன்னுக்கு இழுத்து இழுத்துச் சிவமலருக்கு இடுப்பு ஒடிந்தது. வண்டி ஆட்டமில்லாமல் பாலைவனம் போய்ச் சேர்ந்தது. ஆனால் முன்பக்கத்துக் கட்டில் முழுக்க மூட்டை. படுப்பதை விடுங்கள், உட்காரக்கூட இடமில்லை. மணலில் பாயை விரித்து உட்கார்ந்த அவள், "உள்ளுக்கை இருக்கவே இடமில்லையப்பா" என்று புருசனை முறைத்தாள்.

ஏரம்பு கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நீர் சொல்லுறது சரிதான், மலர். இது சின்னன். அடுத்த முறை பெருசா ஒண்டு எடுப்பம்."