இடுப்பில் ஒரு லாரி டியூப்

சின்னமனூர் பஞ்சர் கடையில் ஒட்டுப் போடும் சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறினால் போதும், நாற்பதைத் தாண்டிய என் தொப்பையை இரண்டு கையும் தானாகப் பிடித்துக்கொள்கின்றன. ஏனென்றால், அணைக்கு நேர் கீழே இருந்த ஊழியர் குடியிருப்பில், ஐப்பசி மழை முழுக்க, அணை உடைந்தால் மிதக்கலாமென்று, இதே வாடையடிக்கும் லாரி டியூபை இடுப்பில் மாட்டி, நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே திரிந்த வீரன் நான். அந்த ஓட்டு வீடுகளை இடித்துவிட்டார்கள்; இப்போது அங்கே கருவேலம்தான் நிற்கிறது.

அணைச்சுவரில் எப்போதும் ஓர் ஈரத்திட்டு இருக்கும். நான் பல் விளக்கும்போதெல்லாம் அது நேற்றைவிட வளர்ந்திருக்கும். "அணைன்னா கொஞ்சம் வேர்க்கும்டா" என்பார் ஷட்டர் ஆபரேட்டரான அப்பா. "ஏலே, தண்ணி வர்றதுக்குள்ள மிதக்க ஆரம்பிச்சுட்டியா?" என்பாள் பக்கத்து வீட்டு அத்தை.

அணை நிரம்பி அபாயச் சங்கு ஊதினால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள். எனக்கு முன்னால் டியூப் ஓடும். அங்கிருந்து பார்த்தால், கரண்டு போன மழையில், அணைமேல் எறும்பளவில் அப்பா தனியாக நின்று ஷட்டர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருப்பார். திறந்த தண்ணீரின் உறுமலில் மேடே அதிரும், நான் கத்துவது எனக்கே கேட்காது.

"அப்பாவ இறங்கி வரச் சொல்லும்மா."

"அவுக இறங்கிட்டா ஷட்டர யாரு தெறக்குறது? அணை தாங்குமா?" என்பாள் அம்மா, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீர் ஓடியது அப்பாவின் காலுக்கடியில். டியூப் இருந்தது மேட்டின் மேல், என் இடுப்பில்.